உயர்த்தப்பட்ட ஊர்திகளில் சக்கர நேரமைவு

சக்கர நேரமைவு என்பது ஓர் ஊர்தியின் சக்கரங்கள் தரையோடும், ஒன்றோடொன்றும், ஊர்தியின் நடுக்கோட்டோடும் கொண்டிருக்கவேண்டிய கோணங்களைச் சரியாக அமைத்தலைக் குறிக்கும். பட்டறைகளில் இது வீல் அலைன்மெண்ட் என்றே வழங்கப்படுகிறது. கரடுமுரடான பாதைகளில் செல்வதற்காக ஜீப் வகை ஊர்திகளின் உடற்பகுதியை உயர்த்தும்போது இக்கோணங்களில் சில மாறுகின்றன. எவை மாறும் என்பதை உயர்த்திய அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. முன் அச்சின் வகையே முதன்மையாகத் தீர்மானிக்கிறது. நூல், அளவு நாடா, தூக்குக்குண்டு ஆகிய எளிய கருவிகளைக் கொண்டு இம்மாற்றங்களை வீட்டிலேயே சோதித்தறிய முடியும்.

தமிழ்நாட்டின் சேலம், நாமக்கல் மாவட்டங்களில் இச்சோதனைக்குத் தனிப் பயன் உண்டு. 1997 ஆம் ஆண்டு சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட நாமக்கல் மாவட்டம் லாரிகளுக்கு உடற்பகுதி கட்டும் தொழிலுக்குப் பெயர் பெற்றது. இம்மாவட்டத்திலுள்ள திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிகளுக்கு அறியப்பட்டது. லாரிகளின் முன் அச்சும் பழைய ஜீப்புகளின் முன் அச்சும் அடிப்படையில் ஒரே வகையைச் சேர்ந்தவை. ஆகவே கீழே கூறப்படும் அளவீடுகளுள் பல இரண்டுக்கும் பொருந்தும்.

மூன்று கோணங்கள்

டோ: மேலிருந்து பார்க்கும்போது இரு முன்சக்கரங்களின் முன்விளிம்புகள் பின்விளிம்புகளைவிட நெருங்கியிருந்தால் அது டோ-இன் எனப்படும். விலகியிருந்தால் டோ-அவுட் எனப்படும். டயர் தேய்மானத்தை மிகுதியாகப் பாதிப்பது இக்கோணமே.

கேம்பர்: முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் செங்குத்திலிருந்து சாய்ந்திருக்கும் கோணம். சக்கரத்தின் மேற்பகுதி வெளிப்பக்கம் சாய்ந்தால் நேர்மக் கேம்பர், உட்பக்கம் சாய்ந்தால் எதிர்மக் கேம்பர் ஆகும்.

காஸ்டர்: பக்கவாட்டில் பார்க்கும்போது, சக்கரம் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ அந்த அச்சு செங்குத்திலிருந்து சாய்ந்திருக்கும் கோணம். லாரிகளில் இவ்வச்சு கிங் பின் ஆகும். இதன் மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்திருந்தால் நேர்மக் காஸ்டர் ஆகும். மிதிவண்டியின் முன் கவை சாய்வாக அமைந்திருப்பதும் இக்காரணம் பற்றியே. வளைவில் திரும்பிய சக்கரம் தானாக நேர்நிலைக்கு மீள்வதற்குக் காஸ்டர் உதவுகிறது.

உயர்த்துவதால் ஏற்படும் மாற்றங்கள்

விறைப்பு அச்சு

இடது, வலது சக்கரங்கள் ஒரே இரும்பு அச்சின் இரு முனைகளில் பொருத்தப்பட்டிருந்தால் அது விறைப்பு அச்சு எனப்படும். மகிந்திரா நிறுவனத்தின் பழைய ஜீப்புகள், மாருதி ஜிப்சி ஆகியவற்றில் இவ்வச்சு பட்டைவில்களின் மீது அமைந்துள்ளது. 2023 ஆம் ஆண்டு இந்தியாவில் விற்பனைக்கு வந்த மாருதி ஜிம்னியில் இவ்வச்சு சுருள்வில்களோடு அமைந்துள்ளது.

இவ்வகையில் உயர்த்துவதால் கேம்பர் மாறுவதில்லை. இரு சக்கரங்களையும் நேரடியாக இணைக்கும் டை ராடு இருந்தால் டோ அளவும் மாறுவதில்லை. டை ராடு அச்சோடு சேர்ந்தே இருப்பதால், உடற்பகுதி எவ்வளவு உயர்ந்தாலும் அதன் நீளம் பாதிக்கப்படாமையே இதற்குக் காரணம். ஒரு தண்டிலிருந்து மற்றொன்று கிளைக்கும் கவை வடிவ இணைப்பு உள்ள ஊர்திகள் இதற்கு விலக்கு. அவற்றில் டோ மாறும்.

விறைப்பு அச்சில் மாறுபவை பின்வருவன:

1. திசைமாற்றியின் நடுநிலை. திசைமாற்றிப் பெட்டியையும் சக்கரத்தையும் இணைக்கும் டிராக் லிங்க் தண்டு முன்னைவிடச் சாய்வாகிறது. அதனால் சக்கரங்கள் நேராக இருக்கும்போது ஓட்டுநர் பிடிக்கும் வளையம் கோணலாக நிற்கும்.

2. காஸ்டர். சுருள்வில்களோடு, பின்னோக்கிச் செல்லும் நீண்ட கைகளால் அச்சு பிணைக்கப்பட்டிருந்தால், உயர்த்தும்போது கைகள் கீழ்நோக்கிச் சுழன்று அச்சையும் சுழற்றுகின்றன. எடுத்துக்காட்டாக, கையின் நீளம் 600 மி.மீ ஆகவும் உயர்த்திய அளவு 50 மி.மீ ஆகவும் இருந்தால் காஸ்டர் ஏறத்தாழ 4.8 பாகை குறையும். பட்டைவில்லைத் தாங்கும் ஷாக்கிள் தகட்டை நீளமாக்கி உயர்த்தினால் விளைவு அதன் இடத்தைப் பொறுத்தது. ஷாக்கிள், முன் பட்டைவில்லின் முன்முனையில் இருந்தால் காஸ்டர் குறையும். பின்முனையில் இருந்தால் கூடும்.

3. அச்சின் பக்கவாட்டு இடம். சுருள்வில் ஊர்திகளில் அச்சு பக்கவாட்டில் நகராமல் தடுக்கும் பான்ஹார்ட் ராடும் சாய்வாகிறது. அதன் மறுமுனை சட்டகத்தில் பிணைக்கப்பட்டுள்ள பக்கம் நோக்கி அச்சு சிறிது நகரும். 900 மி.மீ நீளமுள்ள தண்டின் இரு முனைகளுக்கும் இடையிலான உயர வேறுபாடு 100 மி.மீட்டரிலிருந்து 150 மி.மீட்டராகக் கூடினால், அச்சு ஏறத்தாழ 7 மி.மீ நகர்ந்திருக்கும்.

தனித்தாங்கல் அமைப்பு

2010 ஆம் ஆண்டு அறிமுகமான மகிந்திரா தார், 2020 ஆம் ஆண்டு வந்த அதன் இரண்டாம் தலைமுறை ஆகியவற்றின் முன்சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே மேலும் கீழும் இயங்குபவை. 2021 ஆம் ஆண்டின் போர்ஸ் கூர்க்காவும் அவ்வகையே. இவற்றை உயர்த்தும்போது மூன்று கோணங்களும் மாறக்கூடும். கேம்பர் பெரும்பாலும் நேர்மப் பக்கம் செல்லும். டோ மாற்றம் திசைமாற்றித் தண்டின் இடத்தைப் பொறுத்தது. அத்தண்டு சக்கர மையத்துக்கு முன்னால் இருந்தால் பெரும்பாலும் டோ-இன் ஏற்படும். பின்னால் இருந்தால் டோ-அவுட் ஏற்படும். ஆகவே இவ்வகை ஊர்தியை உயர்த்தியபின் நேரமைவு செய்யாமல் நெடுந்தொலைவு ஓட்டுதல் கூடாது.

பிழையின் விளைவு

சிறிய டோ பிழையும் பெரிய தேய்மானத்தை உண்டாக்கும். 750 மி.மீ விட்டமுள்ள டயர்களில் மொத்த டோ பிழை 6 மி.மீ எனக் கொள்வோம். அப்பிழையில் ஒவ்வொரு சக்கரத்தின் பங்கு 3 மி.மீ ஆகும். இதனால் சக்கரம் 1 கி.மீ உருளும்போது 4 மீட்டர் தொலைவுக்குப் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. 50 கி.மீ பயணத்தில், அதாவது ஏறத்தாழ சேலத்திலிருந்து நாமக்கல் செல்வதற்குள், டயர் 200 மீட்டர் தொலைவு தார்ச்சாலையில் உரசப்பட்டிருக்கும்.

டோ-இன் மிகுந்தால் டயரின் வெளிவிளிம்பும், டோ-அவுட் மிகுந்தால் உள்விளிம்பும் முதலில் தேயும். டயரின் குறுக்கே கையால் தடவும்போது ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் கூர்மையாகவும் இருந்தால் டோ பிழை உள்ளதென அறியலாம். காஸ்டர் குறைவு டயரில் எளிதில் தெரியாது. அது ஓட்டத்தில்தான் தெரியும்: ஊர்தி நேர்ச்சாலையில் அலையும், வளைவுக்குப்பின் வளையம் தானாக மீளாது.

முன்னேற்பாடுகள்

அளப்பதற்கு முன் கீழ்க்காண்பவை சரிபார்க்கப்பட வேண்டும்.

* டயர்களின் காற்றழுத்தம் காலையில், ஊர்தி ஓடுவதற்கு முன் சரிசெய்யப்பட வேண்டும். வெப்பநிலை 10 பாகை செல்சியசு உயர்ந்தால், ஜீப் டயர்களில் அழுத்தம் ஏறத்தாழ 1.5 பிஎஸ்ஐ கூடும். வெயிலில் நிற்கும் பக்கத்து டயரும் நிழலில் நிற்கும் பக்கத்து டயரும் வேறுபடுவதற்கு இதுவே காரணம்.

* டை ராடு முனைகள், சக்கரத் தாங்கிகள், கிங் பின் அல்லது பந்து மூட்டுகள், பான்ஹார்ட் ராடின் ரப்பர் புஷ் ஆகியவற்றில் ஆட்டம் இருக்கக்கூடாது. ஒருவர் வளையத்தை இருபுறமும் சிறிது அசைக்க, மற்றொருவர் ஒவ்வொரு மூட்டிலும் கைவைத்துப் பார்த்தால் ஆட்டம் தெரியும். ஆட்டமுள்ள ஊர்தியில் எடுக்கப்படும் அளவு எதுவும் பயன்படாது.

* தரை மட்டமாக இருக்க வேண்டும். மழைநீர் வடிவதற்காக வீட்டு முற்றங்கள் சாய்வாகவே அமைக்கப்படுகின்றன. 1400 மி.மீ அகலத்தில் 10 மி.மீ சாய்வு இருந்தால் கேம்பர் அளவில் 0.4 பாகை பிழை சேரும். கொத்தனார்கள் பயன்படுத்தும், நீர் நிரப்பிய மட்டக்குழாயைக் கொண்டு நான்கு சக்கரங்களின் இடங்களையும் ஒப்பிட்டு, தாழ்ந்த இடத்தில் ஓட்டுத்துண்டு அல்லது தகடு வைத்துச் சமன்செய்யலாம்.

* ஜாக்கியை மட்டும் நம்பி ஊர்தியின் அடியில் செல்லுதல் கூடாது. உறுதியான தாங்கிகளை வைத்து, மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் அடைகட்டை கொடுக்க வேண்டும்.

* ஜாக்கியிலிருந்து இறக்கிய சக்கரம் உடனே தன் இயல்பு நிலையை அடைவதில்லை. ஊர்தியைச் சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டிய பிறகே அளக்க வேண்டும்.

டோ அளத்தல்

1. முன்சக்கரம் ஒன்றைத் தரையிலிருந்து தூக்கி, டயரின் நடுப்பகுதியில் சுண்ணக்கட்டியால் சுற்றிலும் பூச வேண்டும். பின்னர் அசையாத கட்டையில் பொருத்திய ஆணியை அதில் படவைத்து, சக்கரத்தைச் சுழற்றினால் மெல்லிய கோடு ஒன்று கிடைக்கும். மற்றச் சக்கரத்துக்கும் அவ்வாறே செய்ய வேண்டும். டயரின் மேற்பரப்பு ஒழுங்கற்றிருந்தாலும் இக்கோடு உண்மையான சுழல்தளத்தைக் காட்டும்.

2. ஊர்தியை இறக்கி, உருட்டி, சக்கரங்களை நேராக நிறுத்த வேண்டும்.

3. சக்கர மையத்தின் உயரத்தில், இரு கோடுகளுக்கும் இடையிலான தொலைவை முன்புறம் அளக்க வேண்டும். அதே உயரத்தில் பின்புறமும் அளக்க வேண்டும்.

4. முன்புற அளவு 1400 மி.மீ, பின்புற அளவு 1403 மி.மீ எனில் டோ-இன் 3 மி.மீ ஆகும். 750 மி.மீ டயரில் இது ஏறத்தாழ 0.23 பாகை.

என்ஜின் அல்லது சட்டகம் குறுக்கிடுவதால் பின்புறம் நேராக அளக்க முடியாதபோது, தரையை நோக்கித் தூக்குக்குண்டு விட்டுப் புள்ளிகளைத் தரையில் குறித்து அளக்கலாம். நாடாவில் 1 மி.மீ தவறினால் 0.08 பாகை பிழை ஏற்படும். ஆகவே குறைந்தது மூன்று முறை அளந்து சராசரி எடுத்தல் நன்று.

சரியான அளவு எது என்பதைத் தயாரிப்பாளரின் கையேடே தீர்மானிக்கும். கையேடு பாகையில் கூறுகிறதா, மி.மீட்டரில் கூறுகிறதா என்பதைக் கவனிக்க வேண்டும். மி.மீட்டரில் எனில் டயர் விளிம்பிலா, ரிம் விளிம்பிலா என்பதும் முக்கியமாகும். டயரில் 3 மி.மீ ஆக உள்ள அதே கோணம் 16 அங்குல ரிம்மில் ஏறத்தாழ 1.6 மி.மீ மட்டுமே. பெரிய டயர் மாட்டியபின் பழைய மி.மீ அளவை அப்படியே பின்பற்றினால் கோணம் தவறிவிடும்.

திசைமாற்றியை நடுநிலைப்படுத்தல்

வளையத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை திருப்பி, மொத்தச் சுற்றுகளை எண்ணி, அதன் சரிபாதியில் நிறுத்தினால் அது திசைமாற்றிப் பெட்டியின் நடுநிலை ஆகும். விறைப்பு அச்சு ஊர்தியில் அந்நிலையில் சக்கரங்கள் நேராக நிற்கும்வரை டிராக் லிங்கின் நீளத்தைச் சரிசெய்ய வேண்டும். வளையத்தைக் கழற்றி நேராகத் திருப்பி மாட்டுவது தவறான முறையாகும். அவ்வாறு செய்தால் பெட்டி நடுநிலையில் இராது. ஒரு பக்கம் திரும்பும் அளவும் குறையும்.

தனித்தாங்கல் ஊர்திகளில் இரு பக்கத் தண்டுகளையும் சமமாகத் திருப்பி டோ அளவைச் சரிசெய்ய வேண்டும். மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு உள்ள புதிய ஊர்திகளில் திசைமாற்றிக் கோண உணரியையும் பட்டறையில் மறு அளவீடு செய்ய வேண்டியிருக்கும்.

பின் அச்சைச் சோதித்தல்

பின் அச்சு கோணலாக இருந்தால், முன்சக்கரங்களை எவ்வளவு சரிசெய்தாலும் ஊர்தி பக்கவாட்டில் இழுக்கும். இடப்பக்கத்திலும் வலப்பக்கத்திலும் முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தொலைவை அளந்து ஒப்பிட வேண்டும். சக்கர இடையகலம் 1400 மி.மீ உள்ள ஊர்தியில் இவ்விரு அளவுகளும் 7 மி.மீ வேறுபட்டு, முன் அச்சு நேராக இருந்தால், பின் அச்சு ஏறத்தாழ 0.3 பாகை கோணலாக உள்ளது எனலாம். பட்டைவில்லின் நடு போல்ட் முறிந்திருத்தல், யு-போல்ட் தளர்ந்திருத்தல் ஆகியவை இதற்கான வழக்கமான காரணங்கள். பட்டைவில்லுக்கும் அச்சுக்கும் இடையே கட்டை வைத்து உயர்த்தப்பட்ட ஊர்திகளில் யு-போல்ட்டுகளைச் சில நூறு கி.மீ ஓடியபின் மீண்டும் முறுக்கிச் சோதிக்க வேண்டும்.

கேம்பர், காஸ்டர்

ரிம்மின் மேல்விளிம்புக்கு நேரே தூக்குக்குண்டு தொங்கவிட்டு, நூலுக்கும் ரிம்மின் மேல், கீழ் விளிம்புகளுக்கும் இடையிலான இடைவெளிகளை அளந்தால் கேம்பர் கிடைக்கும். மேல், கீழ் புள்ளிகள் 400 மி.மீ இடைவெளியில் இருந்தால், 7 மி.மீ வேறுபாடு 1 பாகைக்குச் சமம்.

காஸ்டரை நேரடியாக அளக்க முடியாது. சக்கரத்தை 20 பாகை ஒரு பக்கம் திருப்பிக் கேம்பரையும், பின் 20 பாகை மறுபக்கம் திருப்பிக் கேம்பரையும் அளந்து, அவற்றின் வேறுபாட்டை 1.5 ஆல் பெருக்கினால் காஸ்டர் ஏறத்தாழக் கிடைக்கும். சக்கரம் தடையின்றித் திரும்புவதற்கு, இடையில் கிரீஸ் தடவிய இரு தகடுகளை அதன் அடியில் வைக்கலாம். உயர்த்துவதற்கு முன்பே இவ்வளவை எடுத்து எழுதி வைத்திருந்தால் மாற்றத்தைத் துல்லியமாக அறியலாம்.

ஓட்டிப் பார்த்தல்

சேலம், நாமக்கல் பகுதிகளில் இரு வேறு நிலப்பரப்புகள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44 உம், சங்ககிரி வழியாகக் கோயம்புத்தூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 544 உம் வேகமான சாலைகள். மறுபுறம் கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகளும், சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் பாதையில் 20 வளைவுகளும் உள்ளன. மலைப்பாதைக்காக உயர்த்தப்படும் ஊர்தி மலையடிவாரத்தை அடைவதற்குள் லாரிகள் நிறைந்த நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டியுள்ளது. காஸ்டர் குறைபாடு ஆபத்தாவது பெரும்பாலும் மலையில் அன்று, இந்நேர்ச்சாலையின் வேகத்திலேயே ஆகும்.

ஆகவே முதல் ஓட்டம் போக்குவரத்தற்ற நேர்ச்சாலையில் குறைந்த வேகத்தில் நிகழ வேண்டும். ஊர்தி ஒரு பக்கம் இழுக்கிறதா, வளையம் நேராக நிற்கிறதா, திருப்பத்துக்குப்பின் மீள்கிறதா என்பவற்றைப் பார்த்துப் படிப்படியாக வேகத்தைக் கூட்ட வேண்டும். மலைப்பாதைக்குச் செல்லுமுன் சக்கரங்களை இருகோடிகளுக்கும் திருப்பி, பிரேக் குழாய்கள் இழுபடாமலும் டயர் சட்டகத்தில் உரசாமலும் இருப்பதை உறுதி செய்ய வேண்டும்.

விறைப்பு அச்சு ஊர்திகள் சில, பள்ளத்தில் ஏறி இறங்கியதும் முன்சக்கரங்கள் இரண்டும் கட்டுக்கடங்காமல் நடுங்கத் தொடங்கும். இதற்குத் தேய்ந்த மூட்டுகள், தளர்ந்த பான்ஹார்ட் ராடு, சமநிலையற்ற சக்கரம், பொருந்தாத காஸ்டர் ஆகியவை காரணமாகலாம். திசைமாற்றி அதிர்வடக்கியைப் புதிதாக மாட்டினால் நடுக்கம் சிலகாலம் மறையும். காரணம் அப்படியே இருக்கும்.

வீட்டு அளவீட்டின் எல்லை

டோ, திசைமாற்றி நடுநிலை, பின் அச்சின் கோணல் ஆகியவற்றை வீட்டில் நம்பத்தகுந்தவாறு அளக்கலாம். கேம்பர் அளவு தரையின் மட்டத்தைப் பொறுத்தது. காஸ்டர் அளவு தோராயமானது; குறைபாடு உள்ளதா என்பதை அறிய மட்டுமே பயன்படும். காஸ்டரைத் திருத்த ஆப்புத்தகடு, மையம் விலகிய புஷ், மாற்றுக் கைகள் போன்றவை தேவைப்படும். இவற்றைப் பட்டறையில் கணினிக் கருவியால் அளந்து பொருத்துவதே முறை. டை ராடு கவ்விகளும் பூட்டு நட்டுகளும் குறிப்பிட்ட முறுக்குவிசையில் இறுக்கப்பட வேண்டும்.

முன்பகுதி உயர்வதால் முகப்பு விளக்குகளின் ஒளியும் உயர்ந்து எதிர்வருவோரின் கண்களைக் கூசச்செய்யும். நேரமைவோடு விளக்குகளையும் தாழ்த்தியமைக்க வேண்டும்.

சட்டநிலை

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும் வகையில் ஊர்தியை மாற்றுவதைத் தடைசெய்கிறது. 2019 சனவரியில் உச்சநீதிமன்றம் கேரள வழக்கொன்றில் இத்தடையை வலியுறுத்தியது. 2019 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் சேர்த்த 182அ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் தண்டம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ஆகவே உயர்த்துவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டறிதல் தேவையாகும்.

இவற்றையும் பார்க்க

* டயர்
* பட்டைவில்
* நான்கு சக்கர இயக்கம்
* நாமக்கல் மாவட்டம்
* கொல்லிமலை